கிண்ணப் பனி

காலை வானிலையைச் சொல்லி முடித்த பிறகும் கெஞ்சேகுல் வயர்லெஸ்ஸை அணைக்கவில்லை. அணைத்துவிட்டுப் படுத்தால் தேவலை என்று இடுப்பு கெஞ்சியது. ஆனால் இந்த நேரத்துக்குத் தம்பி கணவாயின் அந்தப் பக்கம், வயர்லெஸ் இருக்கிற ரோட்டுக்காரர்கள் குடிசைக்குக் குதிரையில் வந்து சேர்ந்திருப்பான். ரோட்டை மூடியதிலிருந்து தினமும் வருகிறான். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, வீங்கின முழங்காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன் கச்கின்."

"இன்னைக்காவது திறப்பியா?"

"நேத்துச் சொன்னதுதான். மொட்டைச் சரிவுக்கு அடியில கிண்ணப் பனி நிக்குது. மேல இருக்கிற பாரம் எப்ப வேணா ரோட்டுல வந்து உக்காரும்."

"நீயும் உன் கிண்ணமும். இங்க வந்து பாரு. புல்லு தீந்துபோய் ஆடுங்க ஒண்ணோட ஒண்ணு ரோமத்தைக் கடிச்சுத் தின்னுதுங்க. சினை ஆடெல்லாம் படுத்தா எந்திரிக்க மாட்டேங்குது. உன் புள்ளிக்காதுக்காரி நேத்து சினை கலைஞ்சு போட்டுட்டா."

அவள் பொத்தானை அழுத்துமுன் நடுவில் ஒரு குரல் புகுந்தது. இந்தப் பக்கத் தடுப்புக் கம்பியின் அருகே டீக்கடையில் புல் லாரிகளோடு மாட்டிக்கொண்டு கிடக்கும் டிரைவர்களில் ஒருவன்.

"நிலையம், நிலையம். அந்தக் கிண்ணத்துல ஆளுக்கு ஒரு டீய ஊத்திக் குடுத்தா குடிச்சிட்டாவது காத்திருப்போம்ல?"

பின்னால் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது.

"வயர்லெஸ் அலையை விடுங்கடா," என்றாள் கெஞ்சேகுல். கோபமில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும்.

அவள் இந்தப் பனிச்சரிவு நிலையத்துக்கு வேலைக்கு வந்தபோது தலைமயிர் கறுப்பு. இப்போது முக்காடு போடாமல் வெளியே வந்தால் பனியில் ஆள் இருப்பதே தெரியாது என்று உதவியாள் தோலோன் கேலி செய்வான். வேலை என்னவோ அதேதான். குழி வெட்ட வேண்டும், தரை தெரியும்வரை. குழிச் சுவரில் ஒவ்வோர் அடுக்கையும் விரலால் அழுத்தி, பூதக்கண்ணாடியில் பார்த்து, தகர டப்பாவில் அள்ளி, கீழே கொண்டுவந்து படம் எடுக்க வேண்டும். பார்க்க வருபவர்களுக்கெல்லாம் மேலே விழுகிற பனிதான் பிடிக்கும். ஆறு கை நட்சத்திரம், பெரணி இலை, கண்ணாடித் தகடு. அவளும் ஆரம்பத்தில் அதையெல்லாம் எடுத்தவள்தான். பிறகு நட்சத்திரத்தைப் பார்த்தாலே அலுப்பு வந்தது. எத்தனை அழகாக விழுந்தாலும் ஓரிரு நாளில் கை ஒடிந்து, முனை மழுங்கி, எல்லாம் ரவையாகிவிடும். ரவையானால் நல்லது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சரிவு நிற்கும். ஆளைக் கொல்வது அடியில் கிடப்பது. தரை கொஞ்சம் சூடாகவும் மேலே கடுங்குளிராகவும் இருந்தால், அடியில் இருக்கிற பனி உருகாமலே ஆவியாகி, மறுபடி உறைந்து, வேறு உருவம் எடுக்கும். வாய் அகன்று, உள்ளே குழிந்து, ஓரமெல்லாம் வரி வரியாக, துவரம்பருப்பு அளவில் சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள். ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. கையில் அள்ளினால் சர்க்கரை மாதிரி வழியும். அதன் மேல் ஒரு மலைப்பாரம் உட்கார்ந்திருக்கும்.

இந்தத் தடவை கடும்புயல் ஓய்ந்த இடைவெளியில் அவள் குழி வெட்டினாள். காற்றில் பூதக்கண்ணாடி உறைந்துபோய் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. விரலுக்கும் வெறுங்கண்ணுக்கும் அடிப்பனி ரவையாகத்தான் பட்டது. டப்பாவில் அள்ளிக்கொண்டு வந்தால், ஜெனரேட்டர் படுத்துவிட்டது. விளக்கில்லாமல் நுண்ணோக்கியில் படம் எடுக்க முடியாது. டப்பாவைக் குளிர் அறைத் தட்டில் வைத்துவிட்டு, தோலோன் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டு, காய்ச்சலில் படுத்துக் கிடந்தாள். அது மறுபடி ஓடத் தொடங்கிய அன்று எழுந்துபோய், மூச்சு படாமல் வாயில் துணியைக் கட்டி, கோழி இறகால் அடிப்பனியைக் கறுப்புத் தகட்டில் தள்ளி, கேமராவை வைத்து எடுத்தாள். படத்தில் கிண்ணங்கள். வரி வரியாக, வாயைத் திறந்துகொண்டு.

ரவை என்று சொன்ன தன் கண்ணை அவள் அன்றே சந்தேகப்பட்டாள். காரணம் இருந்தது. கச்கின் மேய்க்கும் கிடையில் அவளுடைய ஆடுகளும் இருக்கின்றன. வேலையை விட்டபின் அவளுக்குச் சோறு போடப்போவது அவைதான். கீழே எல்லோருக்கும் அது தெரியும். அவளுடைய கண்ணுக்கு ஆடு இருந்தது. கேமராவுக்கு ஆடு இல்லை. அதனால் கேமரா சொன்னதை நம்பி, வட்டாரப் பொறுப்பாளர் அப்திஷிடம் சொல்லி, ரோட்டை மூடினாள்.

அடுப்பங்கரையில் தோலோன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். நாற்பதைத் தாண்டிய ஆள். ரோடு போடுகிற வேலையிலிருந்து போன வருடம்தான் நிலையத்துக்கு மாற்றி வந்தவன்.

"என்ன சொல்றான் தம்பி?"

"என்ன சொல்லுவான். திறன்னு சொல்றான்."

"வானம் வெளுத்துருச்சு அக்கா. இன்னும் கொஞ்சம் வெயில் அடிச்சா சரிவே தானா ஒரு முடிவுக்கு வந்துரும். நம்ம தலைய உடைச்சுக்க வேண்டாம்."

"அது வர்ற முடிவு ரோட்டுல தானே வரும்."

"ஆளில்லாத ரோடு. விழட்டுமே. கறி அறுத்துட்டு வரேன், சூடா ரெண்டு வாய் சாப்பிட்டுப் படுங்க. மூஞ்சியப் பாத்தா புதைச்சுத் தோண்டி எடுத்த மாதிரி இருக்கு."

"நீ இரு. நான் போறேன். டப்பாவையும் கழுவணும்."

குளிர் அறை வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கட்டியது. உள்ளே நுழைந்ததும் வலதுபக்கம் தட்டு. அதற்கு முன்னால் கொக்கியில் ஒரு குதிரைத் தொடை தொங்கியது. குளிர்காலத்துக்கு அடித்த குதிரையில் அக்காவின் பங்கு என்று கச்கின் ரோடு மூடுமுன் வந்த கடைசி லாரியில் அனுப்பியது. அவள் தொடையில் ஒரு துண்டை அறுத்து எடுத்துக்கொண்டு டப்பாவைத் தேடினாள். தட்டில் இருந்தது. படம் எடுத்த அன்று மூடிவைத்தபடியே. பழைய பனியைக் கொட்டிவிடலாம் என்று மூடியைத் திறந்து, என்னவோ தோன்ற, திருப்பிப் பார்த்தாள்.

மூடியின் உட்புறம் முழுக்கப் பறவை இறகு மாதிரி உறைபனி முளைத்திருந்தது. நீளமாக, அடர்த்தியாக.

அவள் நின்றாள். டப்பாவுக்குள் பார்த்தாள். பனியின் ஒரு பக்கம் குடைந்து, பள்ளமாக, தகரத்தை விட்டு விலகிப் போயிருந்தது. ஒரு பக்கம் மட்டும்.

குளிர் அறைத் தட்டில் நாள்கணக்கில் அசையாமல் இருந்த பனிக்கு இப்படி ஆகாது. ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிரும் இருந்தால்தான் ஆகும். அவள் குனிந்தாள். முழங்கால் கத்தியது. தரையில், வீட்டுச் சுவரோரம், தகரத்தின் வட்டத் தடம் பதிந்திருந்தது. கையுறையைக் கழற்றிச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். அந்தப் பக்கம் அடுப்பு. சுவர், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது.

அடுப்பங்கரைக்குத் திரும்பி வந்து கறித்துண்டை மேசையில் போட்டாள்.

"தோலோன். அந்த டப்பாவைக் கீழ வச்சியா?"

"எந்த டப்பா?"

"பனி டப்பா. சுவரோரம்."

அவன் யோசித்தான். "ஆமா. தொடையை முதல்ல வெளியில மாட்டுனேன்ல, காக்கா கொத்த ஆரம்பிச்சிருச்சு. உள்ள கொண்டுபோனா தட்டுல இடிச்சுது. அதான் டப்பாவ எடுத்துக் கீழ வச்சிட்டு, அப்புறம் ஜெனரேட்டர் ஓடுன அன்னைக்குத் திரும்ப மேல வச்சேன்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேகமாகச் சொன்னான். "திறந்து பாத்தேன் அக்கா. ஒரு சொட்டு உருகல. சத்தியமா உருகல."

"உருகாது. உருகியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அப்புறம் என்ன?"

"கிண்ணம் சரிவுல முளைக்கல. நம்ம வீட்டுச் சுவர்ல முளைச்சிருக்கு."

தோலோன் கத்தியைக் கீழே வைத்தான். வெங்காயத் தோலை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினான். "அப்ப சரிவுல என்ன இருக்கு?"

"தெரியாது. அதான் போறேன்."

"இப்பவா? இந்தக் காலோடயா?"

"வேற காலு இல்ல."

அவன் எழுந்து கயிற்றை எடுத்தான். வழியெல்லாம் ஒரு கேலியும் பேசவில்லை. அது அவளுக்குப் பாரமாக இருந்தது. ஏதாவது உளறிக்கொண்டு வந்தால் நடக்கிற வலி கொஞ்சம் மறந்திருக்கும்.

மொட்டைச் சரிவின் தோளில், பாறைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு இடம் உண்டு. அங்கே நின்றால் சரிவோடு போகாமல் தப்பிக்கலாம். பனி மட்டும் அதே பனி. தோலோன் கயிற்றைப் பாறையில் சுற்றிக்கொண்டு நின்றான். அவள் வெட்டினாள். பிறகு அவன் வெட்டினான். மறுபடி அவள். மேலே பொடி. அதன் கீழ் காற்று அறைந்து இறுகிய பலகை, மண்வெட்டி கீறிக்கொண்டுதான் இறங்கியது. உள்ளே நனைந்த சட்டை முதுகில் ஒட்டி, நின்ற மாத்திரத்தில் உறைந்தது. இடுப்பளவு போனபோது அவள் மண்வெட்டியை ஊன்றி அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"நான் முடிக்கிறேன் அக்கா. மேல ஏறி உக்காருங்க."

"அடியை நான்தான் வெட்டணும். கை சொல்லும்."

அவளுக்கு இரண்டு பயம் இருந்தது. அடியில் கிண்ணம் இருந்தால் தம்பியின் கிடை மொத்தமும் போகும். கிண்ணம் இல்லாவிட்டால், போன ஆடுகள் எல்லாம் சும்மா போனவை. எது வந்தால் தேவலை என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். வெட்டினாள்.

கிண்ணப் பனி இருந்தால் கடைசியில் மண்வெட்டி பொதுக்கென்று உள்ளே விழும், சாக்குக்குள் குத்தின மாதிரி. விழவில்லை. தரைப்புல் வரைக்கும் ஒரே இறுக்கம். சுவரிலிருந்து ஒரு தூணை அறுத்து நிறுத்தி, அதன் தலையில் விரலால் தட்டினாள், பிறகு முழங்கையிலிருந்து கையை ஓங்கித் தட்டினாள், கடைசியில் தோளிலிருந்து ஓங்கிக் குத்தினாள். தூண் அமுங்கியதே தவிர வழுக்கவில்லை.

"கோட்டைப் பிடி."

தோலோன் கோட்டைக் கழற்றி வெயிலை மறைத்துப் பிடித்தான். பல் கிட்டியது அவனுக்கு. அவள் கறுப்புத் தகட்டில் அடிப்பனியை இறகால் தள்ளி, பெரிதாக்கும் வில்லை மாட்டிய கேமராவைக் கிட்டே கொண்டுபோய், மூச்சை நிறுத்தினாள். குழிக்குள், எடுத்த இடத்திலேயே. ஒரு படம். இடம் மாற்றி இன்னொன்று. கேமராவின் சின்னத் திரையில் பார்த்தாள். உருண்டை. கழுத்தோடு கழுத்தாக ஒட்டிக்கொண்ட குறுமணிகள். ரவை.

அவள் கண் அன்றைக்குச் சரியாகத்தான் பார்த்திருந்தது.

"நல்லதா?" என்றான் தோலோன்.

"நல்லது."

"நல்லதுன்னா ஏன் இப்படி உக்காந்துட்டீங்க?"

"கொஞ்சம் இரு."

திரும்பி வந்ததும் ஈரச் சட்டையோடேயே வயர்லெஸ் முன் உட்கார்ந்தாள். அப்திஷைக் கூப்பிட்டாள். டப்பா என்று ஆரம்பித்ததுமே அவன் குறுக்கிட்டான்.

"ரெண்டாவது அலைக்கு வாங்க அக்கா."

இரண்டாவது அலையில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அவள் முழுக்கச் சொன்னாள். அப்திஷ் அவளைவிட வயதில் சின்னவன், கெட்டவன் இல்லை. கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டான்.

"சரி. சரிவு நல்லாயிருக்குல்ல? உறுதியா?"

"உறுதி."

"அப்ப சிம்பிள். பனி இறங்கி இறுகிருச்சு, கிண்ணமெல்லாம் உருண்டையாயிருச்சு, ரோடு திறந்தாச்சுன்னு சொல்லிருங்க. டப்பாவும் வேண்டாம், தொடையும் வேண்டாம்."

"கிண்ணம் இவ்வளவு சீக்கிரம் உருண்டையாகாது அப்திஷ்."

"உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். லாரிக்காரனுக்குத் தெரியுமா?"

"அதான் விஷயமே. அடுத்த தடவை நெசமாவே கிண்ணம் நிக்கும். போன தடவை ஒரு வாரத்துல சரியாப் போச்சுல்லன்னு கம்பியத் தூக்கிட்டு ஓட்டுவான். அவன நான் தோண்டணும். எனக்கு இனிமே தோண்ட முடியாது."

அப்திஷ் குரலைத் தாழ்த்தினான்.

"தோலோன் வேலைக்கு உலை வைக்கிறீங்க."

"அவன் பேரை நான் ஏன் சொல்றேன். மூடியத் திருப்பிப் பாக்காம படம் எடுத்தது நான்."

"உங்க ஆட்டுக்காகக் கதை கட்டித் திறக்கிறீங்கன்னு சொல்லுவானுங்க."

"சொல்லட்டும். முட்டி வலிக்குது அப்திஷ். நான் முதல் அலைக்குப் போறேன்."

தோலோன் கதவருகே நின்றுகொண்டிருந்தான். கறித்துண்டு மேசைமேல் அப்படியே கிடந்து வியர்த்திருந்தது.

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"நிலையம் பேசுது. எல்லாரும் கேளுங்க. மொட்டைச் சரிவு நல்லாயிருக்கு. ரோடு திறந்தாச்சு. புல்டோசர் முன்னால போகும், லாரி பின்னால போங்க. இன்னொண்ணு. முன்னாடி நான் சொன்ன கிண்ணப் பனி சரிவுல இல்ல. டப்பா இங்க அடுப்புச் சுவரோரம் இருந்திருக்கு. அந்தச் சூட்டுல டப்பாக்குள்ளயே முளைச்சது. பாக்காம படம் எடுத்தது என் தப்பு. கிண்ணப் பனி தானா ஒரு வாரத்துல சரியாகும்னு யாரும் நெனச்சுக்காதீங்க. ஆகாது."

டீக்கடை டிரைவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. கேலிக்காரன்கூட. தம்பியின் குரல்தான் வந்தது. அவன் காலையில் வந்தவன் இன்னும் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறான்.

"அப்ப ரோடு இத்தன நாளும் நல்லாத்தான் இருந்துச்சு."

"ஆமா."

"டப்பா ஏன் அடுப்புச் சுவருக்குப் போச்சு?"

அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். "கறி மாட்ட இடம் இல்ல. நகர்த்தி வச்சது."

"எந்தக் கறி?"

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

"நான் அனுப்புன தொடையா அக்கா?"

"ஆமாடா."

இரைச்சல். குதிரை செருமுவது எங்கோ கேட்டது. அப்புறம் அவன் கேட்டான், "வண்டி எப்ப வரும்?"

"இப்ப கிளம்பிருவாங்க. இருட்டறதுக்குள்ள வந்துரும்."

"சரி."

லாரிகள் போவதை அவள் சன்னலிலிருந்து பார்த்தாள். புல்டோசர் முதலில், பின்னால் முதுகு புடைத்த புல் பாரங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, மொட்டைச் சரிவின் அடியில் எறும்பு மாதிரி. எந்த டிரைவரும் நிலையத்தைப் பார்த்து ஹாரன் அடிக்கவில்லை. வழக்கமாக அடிப்பார்கள். சரிவிலிருந்து ஒரு பிடி பனிகூட விழவில்லை.

தோலோன் குதிரைத் தொடையை எடுத்துக்கொண்டு போய் வெளியே கம்பத்தில் மாட்டினான். காக்காய் வந்தது. அவன் விரட்டவில்லை.

"சமைக்கவா?" என்று கேட்டான்.

"ரொட்டி இருக்குல்ல?"

"இருக்கு."

"அது போதும்."

மறுநாள் லேசாகப் பனி விழுந்தது. காற்றில்லாத பனி. அவள் வெளியே போய்க் கறுப்புத் துணியை நீட்டினாள். சட்டையில் பொத்தான் தைத்த மாதிரி நட்சத்திரங்கள் வந்து உட்கார்ந்தன, ஆறு கையும் முழுசாக. பார்த்தாள். உதறினாள். உள்ளே வந்து வானிலையைச் சொன்னாள். சொல்லி முடித்து, வயர்லெஸ்ஸை அணைக்காமல், முழங்காலை நீட்டி உட்கார்ந்தாள்.

இரைச்சலுக்குள்ளிருந்து கச்கின் குரல் வந்தது. டிரைவர்கள் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டான்.

"நிலையம், நிலையம். ரோடு எப்படி?"

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"திறந்திருக்கு," என்றாள். "புதுப் பனி, லேசு. அடியில ரவை."

"சரி."

அவன் போய்விட்டான். தோலோன் அடுப்பில் இரண்டு வரட்டியைத் தள்ளிவிட்டு, அவள் பக்கம் திரும்பாமலே எழுந்து, குளிர் அறைக்குப் போனான். திரும்பி வந்தபோது அவன் கையில் டப்பா இருந்தது. துடைத்திருந்தான்.

"எங்க வைக்கட்டும்?"

"தட்டுல," என்றாள் கெஞ்சேகுல். "நாளைக்குக் குழி வெட்டணும்."